அப்னர் நடை

டெர் ஹோட், இண்டியானா
9 ஏப்ரல் 1968

அக்கா,

நான்தான், டெல்பர்ட். கவரைப் பார்த்ததும் அடுப்புல போடாம பிரிச்சியே, அதுக்கே உனக்குப் பெரிய மனசு. போன ஆகஸ்ட் பிக்னிக்குக்கு அப்புறம் நீயும் எழுதலை, நானும் எழுதலை. யார் முதல்ல இறங்கி வர்றதுன்னு இப்படியே உக்காந்திருந்தா ரெண்டு பேருக்கும் பல்லு கொட்டிப் போயிடும். சரி, நான் தோத்தேன்னு வெச்சுக்க.

ஒரு உதவி வேணும். நம்ம ப்ரூயட் வம்சத்தோட அட்டவணை இருக்கே, வருஷா வருஷம் பிக்னிக்ல ஓக் மரத்துல மாட்டுவியே, அதுக்கு ஒரு நகல் அனுப்பு. கொள்ளுத்தாத்தா அப்னர் கூண்டு வண்டி கட்டிக்கிட்டு ஆரிகனுக்குக் கிளம்பினதுலேருந்து இன்னிவரைக்கும். வெறும் பேர் மட்டும் போதாது. ஒவ்வொருத்தரும் எப்படி இருந்தாங்க, என்ன வயசுல, எப்படிச் செத்தாங்கன்னு உனக்குத் தெரிஞ்சதை ஓரத்துல எழுதி அனுப்பு.

எதுக்குன்னு கேட்பே. என் பொண்ணு மார்லிஸ் கல்யாணம் செப்டம்பர்ல வருதுல்ல, அதுக்குத்தான்னு வெச்சுக்க. ஞாயித்துக்கிழமையானா உன் வீட்ல சாப்பிடறேன்னு எழுதினா. அவளுக்கு நல்லா சமைச்சுப் போடு.

டெல்


யாம்ஹில், ஆரிகன்
16 ஏப்ரல் 1968

அன்புள்ள டெல்பர்ட்டுக்கு,

சொந்த அக்காவுக்கு டைப் அடித்து ஒரு கடிதம். கவரைப் பார்த்ததும் வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாகக் கையெழுத்துச் சொல்லித் தருகிறவளின் தம்பி நீ. பேனா பிடித்து நாலு வரி எழுத உனக்கு என்ன கேடு?

அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுவதும் என் கையால் எழுதியது. வண்டி கட்டி வந்து குடியேறியவர்களின் வாரிசுகள் நடத்தும் முன்னோடிகள் சங்கத்தார் இதைப் பார்த்துவிட்டு, மாவட்டத்திலேயே இவ்வளவு சுத்தமான வம்சாவளி வேறு கிடையாது என்று சான்றிதழ் கொடுத்தார்கள், மறந்திருக்க மாட்டாய்.

ஓரத்தில் எழுதச் சொன்னாய், எழுதியிருக்கிறேன். அப்னர் 1852இல் இண்டியானாவிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் வண்டிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே நடந்து வந்தார். சோர்ந்து உட்கார்ந்த ஜனங்கள் அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான் எழுந்து நடந்தார்களாம். ஊர் வந்து சேரும் சமயத்தில் கொலம்பியா ஆற்றில் தெப்பத்திலிருந்து விழுந்து போனார். வழியில் பிறந்த கைக்குழந்தை நம் தாத்தா சைலஸ். அவர் தானியக் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து இறந்தார். அப்பா மரம் வெட்டப் போன இடத்தில், சாயும் மரத்துக்கு ஒதுங்க முடியாமல். ப்ரூயட் ஆண்கள் கட்டிலில் கிடந்து சாகிறவர்கள் இல்லை என்று அம்மா சொல்வாளே, அதற்கு இதுதான் அத்தாட்சி.

மார்லிஸ் சந்தோஷமாக இருக்கிறாள். கென் நல்ல பையன். கல்யாணமானதும் அலாஸ்காவில் நிலம் எடுத்து வீடு கட்டப் போகிறார்களாம். ஆறு பிள்ளைகளாவது வேண்டும் என்கிறாள். அப்னர் ரத்தம், சும்மா இருக்குமா.

இந்த வருஷம் பிக்னிக்குக்கு வருவதாயிருந்தால் குடிக்காமல் வா. போன தடவை அப்னர் நடை ஆடுகிறேன் என்று ஆப்பிள் பை பலகாரம் வைத்த மேஜையோடு சாய்ந்தாயே, அந்த மேஜை விரிப்பின் கறை இன்னும் போகவில்லை.

வெர்னா


டெர் ஹோட்
25 ஏப்ரல் 1968

அக்கா,

அன்னிக்கு நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கலை.

அத்தனை பேர் முன்னாடி "குடிகாரப் பயலே, எழுந்து போ"ன்னு நீ சொன்னப்போவே இதைச் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா, அப்புறம் ஏன் விழுந்தேன்னு கேட்டிருப்பே. எனக்கே பதில் தெரியாது. பிடில்காரர் வாசிப்பை நிறுத்தினாரு. நானும் நிறுத்தினேன். என் கால் நிறுத்தலை. அவ்வளவுதான்.

இப்ப அது தினமும் நடக்குது. தோளு தானா தூக்கிப் போடும். விரலெல்லாம் பியானோ வாசிக்கிற மாதிரி ஆடும். பேனா பிடிக்க முடியலை, அதான் டைப். ஒரு விரலால தட்டித் தட்டி இந்தக் கடிதத்துக்கே அரை நாள் ஆச்சு. நான் வேலை பாக்கற கிடங்குல என்னை லாரிப் பக்கம் விடறதில்லை, குடிச்சிருக்கேன்னு அங்கயும் நினைக்கிறாங்க.

டாக்டர்கிட்ட போனேன். இது வம்சத்துல வர்ற ஒரு வியாதியா இருக்கலாம்னு சொல்றாரு. ஹண்டிங்டன்னு பேரு. நாற்பதை ஒட்டி ஆரம்பிக்குமாம். முதல்ல கை காலு, அப்புறம் பேச்சு, அப்புறம் புத்தி. மருந்து கிடையாது. ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்றதுக்கும் வழி கிடையாது. மேல யாருக்காவது இருந்துதான்னு விசாரிச்சுத்தான் சொல்ல முடியுமாம். அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிப் போடற மாதிரின்னாரு மனுஷன்.

இப்ப புரியுதா, அட்டவணை எதுக்குன்னு? எனக்காக மட்டும் இல்லை. மார்லிஸ் ஆறு பிள்ளை வேணுங்கிறா.

அவகிட்ட மூச்சு விட்டுடாதே.

டெல்


யாம்ஹில்
3 மே 1968

டெல்பர்ட்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். படித்துவிட்டு அந்த டாக்டருக்கு என்ன வயது என்றுதான் யோசித்தேன். நேற்று மீசை முளைத்தவன் எதையோ புத்தகத்தில் படித்துவிட்டு உன்னைப் பயமுறுத்துகிறான். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை. பெண்சாதி போனதிலிருந்து டப்பாவைத் திறந்து நின்றுகொண்டே தின்கிறாய் என்று மார்லிஸ் சொன்னாள். நரம்புத் தளர்ச்சிக்கு வேறு என்ன வேண்டும்.

நம் வீட்டில் அப்படி யாரும் இருந்ததில்லை. நூறு வருஷத்துக்கு மேலான சரித்திரம் என் விரல் நுனியில் இருக்கிறது. நோயாளி ஒருத்தர் இல்லை. எல்லோரும் விபத்தில் போனவர்கள்.

உனக்குச் சந்தேகமானால் நேரிலேயே போய்ப் பார். அப்னர் கிளம்பிய மில் ஃபோர்க் உன் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். அவருடைய அண்ணன் வழி வந்தவர்கள் இன்னும் அங்கே இருப்பதாகச் சங்கத்தில் சொன்னார்கள். எப்படிப்பட்ட குடும்பம் என்று அவர்களைக் கேள். கேட்டு வந்து அந்த டாக்டரின் முகத்தில் அடித்தாற்போல் சொல்.

உடனே எழுது.

வெர்னா


டெர் ஹோட்
2 ஜூன் 1968

அக்கா,

போனேன். போயிட்டு வந்து இத்தனை நாளா எழுதத் தெம்பு இல்லை.

மில் ஃபோர்க்ல பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க். ப்ரூயட் வீடு எதுன்னு பங்க்ல கேட்டேன். அந்த ஆளு என்னை மேலயும் கீழயும் பார்த்தான். என் தோளு ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. "நீங்க கேக்கவே வேண்டாமே, அவங்க ஆளுன்னு பார்த்தாலே தெரியுது. வெள்ளை வேலி போட்ட வீடு"ன்னான்.

கதவைத் திறந்தது நோனான்னு ஒரு அம்மா. அவங்க புருஷன் ஓர்வில் ப்ரூயட், நமக்குத் தூரத்து அண்ணன் முறை. ஜன்னல் ஓரம் நாற்காலியில உக்காந்திருந்தாரு. விழாம இருக்க இடுப்பைச் சுத்தி ஒரு துண்டைக் கட்டியிருந்தாங்க. ஆரிகன்லேருந்து வந்த சொந்தம்னு நோனா சொன்னதும் மரியாதைக்கு எழுந்திரிக்கணும்னு அடம் பிடிச்சாரு. துண்டை அவுத்து விட்டாங்க. என்னைப் பார்த்து நடந்து வந்தாரு.

அக்கா, அது அப்னர் நடை. முட்டி தூக்கி, பக்கவாட்டுல ஒரு எட்டு, தலை ஒரு வெட்டு, கை ரெண்டும் காத்துல. பிக்னிக்ல சின்ன வயசுலேருந்து நாம ஆடற ஆட்டம், ஒரு அசைவு பிசகாம. நான் வருஷா வருஷம் ஆடிப் பரிசு வாங்கினேனே, அதே நடை. பழக்கதோஷம், கைதட்டப் போயிட்டேன்.

நோனா காப்பி போட்டுக் குடுத்தாங்க. நம்ம அப்னர் ஜனங்களுக்குத் தெம்பு குடுக்க ஆடிக்கிட்டே போனாருன்னு நாங்க சொல்லுவோம்னேன். அந்தம்மா துண்டை அவர் இடுப்புல மறுபடி கட்டினாங்க. அப்புறம், "எங்க பக்கத்துல வேற மாதிரி சொல்லுவாங்க. ஜெபத்துக்குக் குடிச்சுட்டு வர்றான்னு அவரை சபையை விட்டுத் தள்ளி வெச்சாங்களாம். குடி இல்லைன்னு அவர் சொன்னதை யாரும் நம்பலை. அதுக்கப்புறம்தான் வண்டி கட்டினாராம்"னாங்க.

நிலத்துக்காக, சுதந்திரத்துக்காகன்னு நீ பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றியே. இல்லை. தன்னை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போகணும்னு அந்த ஆளு போயிருக்காரு, அவ்வளவுதான். எது தொரத்துச்சோ அதுவும் வண்டியில ஏறிக்கிச்சு.

கிளம்பும்போது நோனா என் கையைப் பிடிச்சு, "உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"ன்னாங்க. இல்லைன்னுட்டேன்.

டெல்


யாம்ஹில்
15 ஜூன் 1968

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒன்று. போன ஆகஸ்டில் உன்னை அத்தனை பேர் முன்னிலையில் அப்படிப் பேசியது என் புத்தி கெட்டதனம். அப்னரை அந்த சபை சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்த பிறகும் நான் நம்பவில்லை. மெக்மின்வில்லில் முதியோர் விடுதியில் ஹோபார்ட் இருக்கிறார், நம் பழைய பக்கத்துப் பண்ணைக்காரர். தொண்ணூறை நெருங்குகிறார், ஆனாலும் ஞாபகம் கத்தி மாதிரி. சின்னப் பையனாக இருந்தபோது சைலஸ் தாத்தாவைப் பார்த்தவர்களில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே மனிதர். அவரிடம் போய், அப்னர் நடையை முதலில் ஆட ஆரம்பித்தது யார் என்று கேட்டேன்.

"நாங்கதான். உங்க தாத்தா தெருவுல வந்தா நாங்க பசங்க பின்னாடியே அவர மாதிரி ஆடிக்கிட்டு போவோம். அவரால ஒரு ஆணியைக்கூட ஒழுங்கா பிடிக்க முடியாது. கூரைக்கு எதுக்கு ஏத்தினாங்களோ," என்றார்.

அப்புறம் சொன்னார். ஒரு நாள் சைலஸின் மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாளாம். பையன்களைத் திட்டவில்லையாம். தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "நீங்களும் அப்படியே நடங்க. இது நம்ம அப்னர் தாத்தா ஆட்டம், பெருமையா ஆடுங்க," என்றாளாம். குடும்பமே ஆடினால், நிஜமாக ஆடுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது அல்லவா. அதிலிருந்து கேலி நின்றதாம். தெருவே கை தட்டியதாம்.

அவள் பேரில் எனக்குக் கோபமே வரவில்லை, டெல். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அவள் மூடியதை நாம் அலங்காரம் செய்து பரிசும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கும் கடைசி வருஷத்தில் கையிலிருக்கும் கோப்பை ஆடும், காப்பி சட்டையில் சிந்தும். இப்போதுதான் நினைவு வருகிறது. அம்மா எப்போதும் பாதிக் கோப்பைதான் ஊற்றுவாள்.

மார்லிஸிடம் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால். ஆறு பிள்ளை என்கிறவளிடம் நாம் வாயை மூடிக்கொண்டு இருந்தால், தெரியாமல் செய்தவர்களைவிட நாம் மோசம்.

இந்தப் பக்கத்தில் மை கொட்டியிருக்கிறது, மன்னிக்கவும். பேனா சரியில்லை.

வெர்னா


டெர் ஹோட்
24 ஜூன் 1968

அக்கா,

வேண்டாம். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வேண்டாம்.

நீ சொல்றது நியாயம்தான். நியாயம்னு தெரிஞ்சேதான் கெஞ்சறேன். உனக்குப் பிள்ளை இல்லை, அதனால உனக்கு இது புரியாதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா நீ நேர்ல வந்து அறைவே. ஆனா யோசிச்சுப் பாரு. அவளுக்கு இருபத்திரண்டு வயசு. இன்னிக்குச் சொன்னா, நாளைக்கு கைதவறி ஒரு தட்டு விழுந்தாலும் செத்துச் செத்துப் பொழைப்பா. இருபது வருஷம் அப்படி. ஒண்ணுமே வராம போகவும் பாதி வாய்ப்பு இருக்கே. அந்தப் பாதியை ஏன் நாமளே கெடுக்கணும்?

அப்புறம் கென். அவன் விட்டுட்டுப் போயிட்டா?

நிஜத்தைச் சொல்லிடறேன். அவ என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பயமா இருக்கு. என் கையைப் பார்த்துட்டு அவ கையைப் பார்த்துக்குவா. அதை என்னால தாங்க முடியாது, அக்கா.

நான் பிக்னிக்குக்கு வரலை. கல்யாணத்துக்கும் ஏதாவது சாக்குச் சொல்லிடுவேன். என்னைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடு.

டெல்


யாம்ஹில்
1 ஜூலை 1968

டெல்,

சத்தியம். உன்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்குச் சம்மதமில்லை, ஆனாலும் வாக்கு வாக்குதான்.

வெ.


டெர் ஹோட்
28 ஜூலை 1968

அக்கா,

என்ன ஆச்சு உனக்கு? ஒரு கிறிஸ்துமஸ் கார்டு போட்டாக்கூட பக்கம் பக்கமா எழுதறவ நீ. இந்த மாசம் பூரா ரெண்டே கார்டு, ரெண்டுலயும் மூணே வரி. "நலம். மழை இல்லை. ரோஜா பூத்திருக்கிறது." பேர்கூட முழுசா போடலை.

கோபமா? கோபம்னா திட்டி எழுது, திட்டு வாங்கிப் பழக்கம்தான். இல்லை அவகிட்ட சொல்லிட்டியா? சொல்லிட்டு எனக்கு எழுத முடியாம முழிக்கிறியா? தபால்காரன் வர்ற நேரத்துக்கு வாசல்லயே உக்காந்திருக்கேன். மார்லிஸ் போன வாரம் போன் பண்ணா. குரல்ல ஏதாவது தெரியுதான்னு கேட்டுக்கிட்டே இருந்ததுல அவ பேசினது ஒண்ணுமே மண்டையில ஏறலை. "அப்பா, நாக்கு குளறுதே, தூக்கமா?"ன்னா. ஆமான்னேன்.

அடுத்த ஞாயிறு பிக்னிக். என்ன நடந்துதுன்னு உடனே எழுது. முழு நீளத்துக்கு எழுது.

டெல்


யாம்ஹில்
6 ஆகஸ்ட் 1968

டெல்,

ஆமாம், டைப்தான். வரி ஆபீஸ் நோட்டீஸ்னு நினைச்சுக்காதே. நான் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் அடிக்கிறாங்க. நான் பேசறதை அப்படியே அடிக்கணும்னு சொல்லிட்டேன், அதான் என் இலக்கணம் இந்த லட்சணத்துல இருக்கு.

முழு நீளத்துக்கு எழுதச் சொன்னே. கேட்டுக்க.

ஞாயித்துக்கிழமை ஓக் மரத்துல அட்டவணையை மாட்டினோம். வழக்கம்போல அந்த வருஷம் பிறந்தவங்க பேர், கல்யாணம் நிச்சயமானவங்க பேர் எல்லாம் எல்லார் முன்னாடியும் நான் எழுதணும். குழந்தைங்க பேரை எழுதாம மழுப்பிட்டு, கடைசியில மார்லிஸ் பக்கத்துல கென் பேரை எழுதப் போனேன். ஏன் போனேனோ. அவ ஆசையா பக்கத்துல வந்து நின்னா, மாட்டேன்னு சொல்ல வாய் வரலை. முதல் எழுத்தைப் போட்டேன். பேனா என் கையை விட்டுக் கிளம்பி, அப்னர் பேருக்கு மேல, சைலஸ் பேருக்கு மேல கோடு இழுத்துக்கிட்டு அட்டையைத் தாண்டிப் போயிடுச்சு. யாரோ பின்னாலேருந்து, "வெர்னா, நடை இன்னும் ஆரம்பிக்கலையே, அதுக்குள்ள என்ன அவசரம்?"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மார்லிஸ் சிரிக்கலை.

ஏப்ரல்லேருந்தே எனக்கு லேசா இருந்தது. நீ உன் காலைப் பத்தி எழுதினப்போ எனக்கு அதனாலதான் அவ்வளவு ஆத்திரம். உன் டாக்டரைத் திட்டினதும் அதுக்குத்தான். நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்குத்தான் வரும்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டிருந்தேன். பேனா நல்ல பேனா, டெல். ஒரு குறையும் இல்லாத பேனா.

பிடில்காரர் நடைக்கு வாசிக்க ஆரம்பிச்சாரு. நான் போய் வில்லைக் கையிலேருந்து வாங்கிட்டேன். இனிமே நம்ம குடும்பத்துல இந்த ஆட்டம் கிடையாதுன்னேன். எதுக்குன்னு கேட்டாங்க. அவங்க எல்லாருக்கும் தெரிய வேண்டியதுதான், சொல்லிட்டேன். சைலஸ், அப்பா, நான். உன் பேரை எடுக்கலை. கையில தட்டோட எல்லாரும் அப்படியே நின்னாங்க. குழந்தைங்க மட்டும் அந்தப் பக்கம் ஆடிக்கிட்டே இருந்துதுங்க.

வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ் கேட்டா: "அத்தை, அப்பா போன வருஷம் குடிச்சிருந்தாரா?"

சத்தியத்தைக் காப்பாத்தினேன். அவரைப் பத்தி நான் பேசக் கூடாது, என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுன்னேன். என் கையை எடுத்து அவ மடியில வெச்சுக்கிட்டா. அது ஆடிக்கிட்டே இருந்தது. ரொம்ப நேரம் அப்படியே பிடிச்சிருந்தா. நீ பயந்தியே, உன் கையைப் பார்த்துட்டு அவ கையைப் பார்த்துக்குவான்னு. பார்த்துக்கலை, டெல். அவ பார்த்தது என் கையை மட்டும்தான்.

கென்கிட்ட அவளே சொல்லிட்டா. அவன் கொல்லையில போய் விறகு பிளக்க ஆரம்பிச்சவன், இன்னும் நிறுத்தலை. இந்த வருஷக் குளிருக்கு வேண்டியதுக்கு மேல ஆயிடுச்சு. இருப்பானா போவானான்னு எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அலாஸ்காவுக்கு என்ன அவசரம்னு அவ இப்ப கேக்கறா. பிள்ளைங்களைப் பத்தி அவ என்ன நினைக்கிறான்னு நான் கேக்கலை, நீயும் கேக்காதே.

இந்த இடத்துல மிஷின் நின்னுபோச்சு. அடிக்கிறவங்க மூக்கைச் சிந்திட்டு, "மேல சொல்லுங்க அத்தை"ங்கறாங்க.

ஆமாம், மார்லிஸ்தான். உன் பொண்ணு இதை ஒரு எழுத்து விடாம அடிச்சிருக்கா. நான் பேசினது உன்கிட்ட, அவகிட்ட இல்லை, அதனால சத்தியம் மீறலை. தபால்ல போட வேண்டாம், நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்னுட்டா. நீ இதைப் படிக்கிறப்போ அவ எதிர்லதான் நிக்கிறா. அவகிட்ட என்ன சொல்றது, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தவிக்காதே. கையைப் பாக்கெட்டுல ஒளிச்சு வெச்சிருந்தா வெளியில எடு. உள்ள கூப்பிட்டுக் காப்பி போட்டுக் குடு. பாதிக் கோப்பை போதும்.

கையெழுத்து மட்டும் நானே போடறேன். கோணலா வந்தா பரவாயில்லைன்னு மார்லிஸ் சொல்றா.

வெர்னா ப்ரூயட்